மூங்கிலும் ஒரு புல்தான்



தமிழில் 'புல்' என்னும் சொல்லுக்கு ஏனோ நல்ல பெயர் இல்லை. சிறுமையைப் 'புன்மை' என்கிறோம். அற்பமான அறிவைப் 'புல்லறிவு' என்கிறோம். கீழோரைப் 'புல்லர்' என்கிறோம். உடல் மெலிந்த பையனைப் 'புல் தடுக்கிப் பயில்வான்' என்று கேலி செய்கிறோம். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லும்போதும் புலிக்குத்தான் பெருமை சேர்க்கிறோமே தவிர, புல்லை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நம் தோட்டப்புற வாழ்க்கையிலும் இதே நிலைதான். பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒரு மதிப்பு இருந்தது. புல் வெட்டியவர்களும் புல்லுக்கு மருந்து அடித்தவர்களும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. 'படிக்காவிட்டால் புல் வெட்டத்தான் போவாய்' என்று பிள்ளைகளை அதட்டும் வழக்கம் இன்றும் நம்மிடையே உண்டு.

ஆகவே, இன்று ஒரு புல்லைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது நம் பேராக் மாநிலத்தின் உயர்ந்த மலைகளில் வளரும் புல். ஆள் உயரத்தையும் கடந்து, இடையில் ஒரு கணுவும் இல்லாமல் நீளும் புல். தைப்பிங் நகரோடு நேரடித் தொடர்புடைய பெயரைத் தாங்கிய புல்.

தொல்காப்பியர் வகுத்த புல்

முதலில் புல் என்றால் எது என்று பார்த்துவிடுவோம். நம் பிள்ளைகளைக் கேட்டால் பள்ளித் திடலில் காலடியில் கிடப்பதைக் காட்டுவார்கள். தொல்காப்பியர் அப்படிச் சொல்லவில்லை. பொருளதிகாரத்தின் மரபியலில் அவர் புல்லுக்கும் மரத்துக்கும் எல்லை வகுக்கிறார். வெளிப்புறம் வைரம் பாய்ந்து உள்ளே மென்மையாகவோ வெற்றிடமாகவோ இருப்பது புல்; உட்புறம் வைரம் பாய்ந்திருப்பது மரம். உயரத்தையோ பருமனையோ அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. இந்தக் கணக்கில் மூங்கிலும் புல், பனையும் புல், தென்னையும் புல்.

அதோடு அவர் நிற்கவில்லை. புல்லின் உறுப்புகளுக்கு வழங்கும் சொற்கள் வேறு, மரத்தின் உறுப்புகளுக்கு வழங்கும் சொற்கள் வேறு என்றும் பிரித்துக் காட்டுகிறார். ஓலை, ஏடு, மடல், இதழ், தோடு, ஈர்க்கு முதலியவை புல்லுக்கு உரியன என்று அவர் பட்டியல் நீள்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படும். நம் முன்னோர் இலக்கியம் எழுதியது ஓலையில். சேர்த்துக் கட்டிக் காத்தது ஏட்டில். இன்று கடிதத்தை மடல் என்கிறோம். திங்கள்தோறும் வரும் வெளியீட்டை இதழ் என்கிறோம். தமிழ் எழுதப்பட்டதும் படிக்கப்பட்டதும் புல்லின் உறுப்புகளால்தான் என்று சொன்னால் தவறாகாது.

இன்றைய தாவரவியல் பனையையும் தென்னையையும் வேறு குடும்பத்தில் வைக்கிறது. ஆயினும் பனை, தென்னை, மூங்கில் மூன்றும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்ற பெரும் பிரிவுக்குள் ஒன்றாகவே நிற்கின்றன. மூங்கிலைப் பொறுத்தவரை தொல்காப்பியரும் இன்றைய அறிவியலும் முழுமையாக ஒத்துப்போகின்றனர். மூங்கில், புல் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 12,000 இனங்கள் உள்ளன. நெல் அதில் ஒன்று. கோதுமை, சோளம், தினை, கேழ்வரகு, கரும்பு எல்லாம் அதில் அடங்கும். சமையலுக்கு நாம் நசுக்கிப் போடும் செராயும் புல்தான். இரப்பருக்கு முன்பே பேராக்கின் கிரியான் வட்டாரத்துக்கும் அன்றைய புரோவின்ஸ் வெல்லெஸ்லிக்கும் நம் மக்களை அழைத்து வந்தது கரும்பு. அதாவது, ஒரு புல்லை நடுவதற்குத்தான் அவர்கள் முதலில் கடல் கடந்தார்கள்.

அருங்காட்சியகத்தில் எழுந்த கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் பள்ளி மாணவர்களைத் தைப்பிங் நகரிலுள்ள பேராக் அருங்காட்சியகத்துக்குக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றோம். 1883ஆம் ஆண்டில் சர் ஹியூ லோ என்ற ஆங்கிலேய ரெசிடெண்டால் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் அது. நாட்டிலேயே மிகப் பழமையானது. இதே ஹியூ லோதான் 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகளை நட்டவர். நம் பாட்டன்மார் இந்த மண்ணுக்கு வந்த வரலாற்றில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மாணவர்களுக்கு எடுத்துச் சொன்னேன்.

அங்கே பூர்வகுடி மக்களின் பொருள்கள் வைக்கப்பட்ட பகுதியில் 'சும்பித்தான்' என்னும் ஊதுகுழல்கள் இருந்தன. மாணவர்கள் விளையாட்டாகப் பேசிக்கொண்டு கடந்து போனார்கள். ஒரு மாணவன் மட்டும் நின்றுவிட்டான். படிப்பில் நடுத்தரமான பையன். வகுப்பில் அதிகம் பேசமாட்டான். அவன் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணாலேயே அளந்துவிட்டு, "இதில் கணு எங்கே, ஐயா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. மூங்கில் என்றால் கணு இருக்க வேண்டும். கணு இருக்குமிடத்தில் உள்ளே தடுப்பும் இருக்கும். தடுப்பு இருந்தால் அம்பு எப்படிச் செல்லும்? குடைந்து எடுத்தார்கள் என்றால் உட்புறம் அவ்வளவு வழவழப்பாக இராது. அவன் கேட்ட ஒரு வரிக் கேள்விக்குள் இத்தனை கேள்விகள் அடங்கியிருந்தன. அன்று அவனுக்குச் சுருக்கமாக விடை சொன்னேன். அந்த விடையை விரிவாகத் தேடிப் படித்ததன் பயனைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மலை வளர்க்கும் குழல்

தைப்பிங் மக்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் நம்முடையது. இன்று மழை எத்தனை மணிக்குப் பெய்யும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். ஊருக்குப் பின்னால் எழுந்து நிற்கும் புக்கிட் லாருட், முன்னாள் மேக்ஸ்வெல் மலை, மேகத்தைத் தடுத்து நிறுத்துவதே அதற்குக் காரணம். இத்தகைய மலைகளில் ஆயிரம் மீட்டருக்கு மேலே செல்லச் செல்லக் காட்டின் தோற்றம் மாறுகிறது. மரங்கள் குட்டையாகின்றன, கிளைகளில் பாசி படர்கிறது, நண்பகலிலும் மூடுபனி இறங்குகிறது. தாழ்நிலத்தில் காணாத செடிகொடிகள் அங்கே குடியிருக்கின்றன.

தீபகற்ப மலேசியாவின் இத்தகைய மலைக்காடுகளில் வளர்வதுதான் நான் குறிப்பிடும் புல். நாம் லெமாங் சுடப் பயன்படுத்தும் மூங்கிலைப் போலத் தாழ்நிலத்தில் எளிதாகக் கிடைப்பதன்று. இதன் சிறப்பு, இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியாகிய கணுவிடை. பிற மூங்கில்களில் பெரும்பாலும் முழ அளவில் இருக்கும் கணுவிடை, இதில் ஆள் உயரத்தைத் தாண்டுகிறது. உட்புறம் சீரான வட்டமாகவும் வழவழப்பாகவும் அமைகிறது. ஒரே ஒரு கணுவிடையை வெட்டி எடுத்தால் போதும்; ஊதுகுழலின் உட்குழாய் கிடைத்துவிடும். போர்னியோவின் பழங்குடி மக்கள் கெட்டியான மரத்தை நீண்ட இரும்புக் கம்பியால் பொறுமையாகத் துளைத்து ஊதுகுழல் செய்கின்றனர். பேராக் மலைகளிலோ, துளையைப் புல்லே வளர்த்துக் கொடுக்கிறது.

இது எப்படி நிகழ்கிறது என்பதை மாணவர்களுக்கு விளக்குவது எளிது. மரம் ஆண்டுதோறும் பருக்கும். மூங்கில் பருப்பதில்லை. மண்ணிலிருந்து முளை வெளிவரும்போதே அதன் பருமனும் கணுக்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன. அதன்பின் நடப்பது நீளுதல் மட்டுமே. ஒவ்வொரு கணுவுக்கும் சற்று மேலே வளரும் திசு இருக்கிறது. அது கணுவிடையை நீட்டுகிறது. பழைய வானொலிப் பெட்டியின் அலைவாங்கிக் கம்பியை இழுத்து நீட்டுவோமே, அதுபோல. புல்லை மேலே வெட்டினாலும் மீண்டும் வளர்வதற்கும் இதுவே காரணம். வளர்ச்சி நுனியில் மட்டும் இல்லை, அடியிலும் கணுவிலும் இருக்கிறது.

பேராக்கின் தெமியார், செமாய் மக்கள் இந்தக் குழலைச் செய்வதில் தேர்ந்தவர்கள். வெட்டிய மூங்கிலை நெருப்பணலில் வாட்டி நேராக்குகிறார்கள். மெல்லிய உட்குழாயைக் காப்பதற்கு அதன்மேல் சற்றுப் பெரிய மற்றொரு மூங்கிலை உறையாக அணிவிக்கிறார்கள். அந்த உறையில் அழகிய கோலங்களைக் கீறுவதும் உண்டு. ஓலைக்காம்பைச் சீவி அம்பு செய்கிறார்கள். ஊதும் காற்றைத் தாங்குவதற்கு அதன் பின்முனையில் நெட்டி போன்ற இலேசான தக்கையைப் பொருத்துகிறார்கள். அம்பு நுனியில் பூசுவது ஈப்போ மரத்தின் பால். இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அது. நம் மாநிலத் தலைநகரான ஈப்போவுக்குப் பெயர் கொடுத்தது அந்த மரம்தான். ஈப்போ இரயில் நிலையத்தின் முன் நிற்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புல்லும் ஒரு மரமும் ஒரு பனைவகை ஓலையும் சேர்ந்து ஒரு கருவி உருவாகிறது. இவற்றுள் எது எங்கே கிடைக்கும், எப்போது வெட்ட வேண்டும், எவ்வளவு பதமாக வாட்ட வேண்டும் என்னும் அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. அது தந்தையிடமிருந்து மகனுக்கு, காட்டில் நடந்துகொண்டே கற்பிக்கப்பட்டது.

யாருடைய பெயர்?

பேராக் அருங்காட்சியகத்தின் முதல் காப்பாளராக இருந்தவர் லெனர்ட் ரே இளையவர். தைப்பிங்கில் இருந்துகொண்டே பேராக் மலைகளில் ஏறி இறங்கித் தாவரங்களையும் விலங்குகளையும் சேகரித்தார். பத்தாங் பாடாங் மலைகளில் மேற்கொண்ட சேகரிப்புப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1890ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1893ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்த ஆட்டோ ஸ்டாஃப் என்ற அறிஞர், நம் ஊதுகுழல் மூங்கிலுக்கு 'பம்பூசா ரேயி' என்று அறிவியல் பெயர் சூட்டினார். அந்த 'ரேயி', தைப்பிங் அருங்காட்சியகத்தின் ரேயைக் குறிப்பது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1993இல், கே. எம். வோங் என்ற மூங்கிலியல் அறிஞர் இதைச் சபா மாநிலத்து மலைமூங்கில் ஒன்றோடு சேர்த்துக் 'கினபாலுகுளோவா' என்ற புதிய பேரினத்தில் வைத்தார். பேரினம் மாறினாலும் 'ரேயி' மாறவில்லை.

ரே தம் பணியைச் செய்தார். அந்தப் பெயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் மாணவர்களிடம் நான் ஒன்றைக் கேட்பதுண்டு. அந்த மூங்கிலை முதலில் அறிந்தவர் யார்? அது எந்த மலையில் இருக்கிறது, எந்தக் கணுவிடை குழலுக்கு ஏற்றது என்று தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தவர்கள் மலைவாழ் மக்கள். அவர்களுள் ஒருவர் பெயர்கூட அந்த அறிவியல் பெயரில் இல்லை. அறிந்தவர் ஒருவராகவும் எழுதியவர் வேறொருவராகவும் இருந்தால், எழுதியவரின் பெயரே நிற்கிறது. எழுத்தறிவை மட்டுமே அறிவு என்று கருதும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு.

தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான செய்தி ஒன்று இருக்கிறது. நீலகிரியின் உயரத்தில் சதுப்பு நிலங்களில் ஒருவகைப் புல் வளர்கிறது. தோடர் இன மக்கள் தங்கள் பால்மனைக் கோயில்களுக்குக் கூரை வேய இந்தப் புல்லைத்தான் தேடிச் செல்கின்றனர். இதன் அறிவியல் பெயர் 'எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி'. கோயம்புத்தூரில் தாவரவியல் கற்பித்து, 1921ஆம் ஆண்டில் தென்னிந்தியப் புற்களுக்கென ஒரு கையேட்டையே எழுதிய ரங்காச்சாரியின் பெயர் அது. நம் நாட்டவர் ஒருவர் புல்லை ஆராய்ந்து பெயர் பெற்றார் என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் நீலகிரியின் புல்வெளிகளைத் தரிசு நிலம் என்று கருதியவர்கள், சீகை மரத்தையும் தைல மரத்தையும் தேயிலையையும் அங்கே நட்டார்கள். புல்வெளி சுருங்கியது, சதுப்பு நிலங்கள் வற்றின, கூரைப்புல் அரிதாகிவிட்டது. 'வெறும் புல்தானே' என்ற எண்ணம் செய்த வேலை அது.

குறிஞ்சி இங்கேயும் உண்டு

இடைநிலைப்பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்கு ஐந்திணை வரும். குறிஞ்சி என்றால் பூவைப் பற்றி எழுதுவார்கள். அந்தப் பூவின் பெயர்தான் நிலத்துக்குப் பெயர். ஆனால் அந்த நிலத்து மக்களை வாழவைத்தது புல். குறிஞ்சி மக்கள் தினைப்புனம் காத்தார்கள்; தினை ஒரு புல். ஐவனம் என்னும் மலைநெல் விளைத்தார்கள், அதுவும் புல். மூங்கிலரிசி உண்டார்கள், மூங்கிலும் புல். மூங்கிலுக்குத்தான் நம் மொழியில் எத்தனை பெயர்கள்! வேய், கழை, அமை, பணை, வேரல் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மலையில் வாழ்ந்த ஒரு சமூகம் கூர்ந்து பார்த்ததால் பிறந்த சொற்கள் இவை.

நம் நாட்டுப் பூர்வகுடி மக்கள் மலைச்சரிவுகளில் மலைநெல்லோடு 'செக்கோய்' என்னும் சிறுதானியத்தைப் பயிரிட்டு வந்தவர்கள். செக்கோய் என்பது வேறொன்றும் இல்லை, நம் தினைதான். தினையும் மலைநெல்லும் மூங்கிலும் வேட்டையும் சேர்ந்த வாழ்க்கை, நாம் வாழும் இந்த மாநிலத்தின் மலைகளிலேயே இருந்து வந்திருக்கிறது. குறிஞ்சித் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கேமரன் மலைக்கும் தாப்பாவுக்கும் செல்லும் வழியில் மாணவர்களுக்கு இதைச் சொன்னால், பாடம் ஏட்டோடு நின்றுவிடாது.

ஒரு தந்தை சொன்ன சொல்

சுற்றுலா முடிந்த வாரத்தில் அறிவியல் பாடத்தின் தொடர்ச்சியாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்களுக்குத் தெரிந்த பத்துப் புற்களின் பெயரையும் பயனையும் எழுதி வரவேண்டும். பலர் எழுதி வந்தார்கள். அருங்காட்சியகத்தில் கேள்வி கேட்ட மாணவன் மட்டும் வெறும் தாளைக் கொடுத்தான். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டான். மாணவர் விவரப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தையும் அவன் நிரப்பாமல் விட்டிருந்தது அப்போது என் நினைவுக்கு வந்தது.

மறுநாள் அவனுடைய தந்தை வந்தார். தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விற்கப்பட்டதும் நகரத்துக்கு வந்து, குத்தகையாளரிடம் சாலையோரப் புல் வெட்டும் வேலையில் இருப்பவர். வேலை உடையுடனேயே வந்திருந்தார். குரல் தாழ்ந்திருந்தாலும் கோபம் தெரிந்தது.

"சார், எங்க அப்பா காலத்திலேருந்து புல்லு வெட்டியாச்சு. நானும் அதான் செய்றேன். என் பிள்ளையாவது வேற எதையாவது படிக்கட்டும்னுதானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறேன். அவன்கிட்டயும் புல்லைப் பத்தியே கேட்டா எப்படி சார்?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. புல் அவருக்குப் பாடம் அன்று, முதுகுவலி. வெயிலில் நின்று பெற்ற கூலி. பிள்ளைகளின் முன் சொல்லத் தயங்கும் தொழில். அவரை அமரச் சொல்லி, சுற்றுலாவில் அவர் மகன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். கணுவில்லாத மூங்கிலைப் பற்றியும் சொன்னேன். பேசிக்கொண்டே மற்ற மாணவர்கள் கொண்டு வந்து மேசையில் வைத்திருந்த புற்களை அவர் பார்த்தார். ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது புல்லு இல்ல சார், கோரை. விரல்ல உருட்டிப் பாருங்க, உருளாது. மூணு பட்டை இருக்கும். புல்லுன்னா உருளும்."

உண்மைதான். கோரை வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டையாகவும் உள்ளே நிறைவாகவும் இருக்கும். புல்லின் தண்டு உருண்டையாகவும் கணுக்களோடும் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமாகவும் இருக்கும். கல்லூரிகளில் தாவரவியல் மாணவர்களுக்குக் கற்பிக்கும் சோதனை இது. அவர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை; விரல் கற்றுக்கொடுத்தது.

அதன்பின் அவர் பேச்சு நிற்கவில்லை. லாலாங் புல்லை எத்தனை முறை வெட்டினாலும் ஏன் சாகாது என்று விளக்கினார். மண்ணுக்கடியில் அதன் தண்டு ஓடுகிறது, நுனி ஈட்டி போல் கூர்மையாக இருக்கிறது, துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முளைக்கிறது, தீ வைத்தால் மற்றவை கருகும், லாலாங் முதலில் தலை தூக்கும் என்றார். மாட்டுக்கு எந்தப் புல் பால் கூட்டும், எது வயிற்றைக் கெடுக்கும் என்று தம் தாயார் சொன்னதைச் சொன்னார். காற்சட்டையில் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்புல், அறுகம்புல், யானைப்புல், வெட்டிவேர் என்று எண்ணிக்கை பத்தைக் கடந்து பதினான்கில் நின்றது. நான் எழுதிக்கொண்டேன். அவர் மகன் அறைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வெறும் தாளில் மறுநாள் பதினான்கு பெயர்கள் இருந்தன. அதற்குமேல் எந்த அதிசயமும் நடந்துவிடவில்லை. அவன் திடீரென முதல் மாணவனாகிவிடவில்லை. அவர் தொழிலும் மாறவில்லை. தம் பிள்ளை வேறு வேலைக்குப் போகவேண்டும் என்ற அவர் விருப்பமும் மாறவில்லை, மாறவும் வேண்டியதில்லை. ஆனால் வகுப்பில் கோரைக்கும் புல்லுக்கும் வேறுபாடு கேட்டபோது அவன் எழுந்து, "உருட்டிப் பார்க்கணும் ஐயா. எங்க அப்பா சொன்னாரு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

மலைமூங்கிலை அறிந்த மக்களின் அறிவு எழுதப்படாமல் போனதைக் கண்டு வருந்துகிறோம். நம் தோட்டப்புறப் பெரியவர்களின் அறிவும் அதே நிலையில்தான் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு இன்று வயதாகிவிட்டது. அவர்கள் அறிந்த செடிகொடிகளின் பெயர்கள் தமிழும் மலாயும் கலந்து, அந்தந்தத் தோட்டத்துக்கே உரிய முறையில் வழங்கியவை. அவர்களோடு அவையும் போய்விடும். ஆகவே, ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் கனிவோடு கேட்டுக்கொள்பவை சில:

1. கணு, கணுவிடை, ஓலை, ஈர்க்கு, தோகை, சோகை போன்ற சொற்களை அறிவியல் பாடத்தில் தயங்காமல் பயன்படுத்துங்கள். 2003ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது இத்தகைய சொற்கள் வகுப்பறையை விட்டு விலகின. மீண்டும் தமிழில் கற்பிக்கத் தொடங்கிய பின்னரும் சில சொற்கள் திரும்பி வரவில்லை. கரும்பு கடித்த பிள்ளைக்குக் கணு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

2. ஒரு கோரைத் தண்டையும் ஒரு புல் தண்டையும் மாணவர் கையில் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். செலவில்லாத ஆய்வு இது; பள்ளித் திடலே ஆய்வுக்கூடம்.

3. பாட்டி, தாத்தாவிடம் கேட்டுச் செடிகொடிப் பெயர்களை எழுதி வரும் பணியை ஆண்டுக்கு ஒருமுறையாவது கொடுங்கள். எழுதியவரின் பெயரோடு சொன்னவரின் பெயரையும் கட்டாயம் எழுதச் செய்யுங்கள். அறிந்தவரின் பெயர் இந்த முறையாவது விடுபடாமல் இருக்கட்டும்.

4. பெற்றோர்களே, உங்கள் தொழிலைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். அந்தத் தொழிலில் நீங்கள் கற்ற ஒன்றையாவது அவர்களுக்குச் சொல்லுங்கள். அதே தொழிலுக்கு அவர்கள் வரவேண்டும் என்பதற்காக அன்று; உங்கள் கைக்குள் இருப்பது அறிவு என்று அவர்கள் தெரிந்துகொள்வதற்காக.

5. 'படிக்காவிட்டால் புல் வெட்டத்தான் போவாய்' என்ற சொல்லை வகுப்பறையில் சொல்லாதிருப்போம். அந்த வகுப்பில் புல் வெட்டுகிறவரின் பிள்ளை அமர்ந்திருக்கலாம்.

உலகம் வெப்பமாகிவருவதால் தாழ்நிலத்துத் தாவரங்கள் குளிர்ச்சியைத் தேடி மெல்ல மேல்நோக்கி நகர்கின்றன என்று அறிஞர்கள் கூறுகின்றனர். முன்பே மலையின் உயரத்தில் இருப்பவற்றுக்கு அதற்குமேல் நகர இடம் இல்லை. மலைக்காடு சாலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் வழிவிடும்போது அங்குள்ள புல்லும் சேர்ந்தே போகிறது. மரம் விழுந்தால் செய்தி வரும். புல் அழிந்தால் வராது. அதன் பெயரையாவது நம் பிள்ளைகள் அறிந்திருந்தால், இல்லாமல் போவதைக் கவனிக்கச் சிலராவது இருப்பார்கள்.

பள்ளித் திடலில் புல் வெட்டும் இயந்திரத்தின் ஓசை கேட்கும்போது நாம் வழக்கமாகச் சன்னலைச் சாத்துகிறோம். ஒருநாள் அந்த வேலை முடியும்வரை காத்திருந்து, வெட்டியவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, அவர் வெட்டிய புல்லின் பெயரை மாணவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.